நாற்பது கமெண்டில் மூன்றுதான் வழக்கு

கேள்வி: திருகோணமலை பிரட்ரிக் கோட்டைப் பக்கம் மான்கள் பொலித்தீன் தின்பதைப் படம் எடுத்து, சோற்றுப் பார்சலைப் பையோடு வீசாதீர்கள் என்று முகநூலில் எழுதினேன். மூன்று வாரமாக ஒரு போலிக் கணக்கு என்னைத் திட்டுகிறது, அதைப் பார்த்து இன்னும் பலர் சேர்ந்துவிட்டார்கள். கணவர் கத்தாரில் இருப்பதை வைத்து அசிங்கமாக எழுதி, என் போன் நம்பரையும் போட்டுவிட்டார்கள். இரவில் யார் யாரோ அழைக்கிறார்கள். கேட்டால் கருத்துச் சுதந்திரமாம். பக்கத்து வீதிப் பையன்தான் என்று நினைக்கிறேன். அவன் படத்தைப் போடலாமா? தம்பி அடிக்கப் போகிறேன் என்று நிற்கிறான். (உப்புவெளி வாசகி)

பதில்: படம் போட வேண்டாம். "நினைக்கிறேன்" என்பதை வைத்து ஒருவனுடைய பெயரைக் கெடுத்தால், அவன் இல்லை என்று தெரியவரும் நாளில் அவதூறு வழக்கில் எதிராளி நீங்கள்தான்.

நீங்கள் அனுப்பிய நாற்பது கமெண்டையும் வாசித்தேன். வாசிக்கவே மனது கஷ்டமாக இருந்தது. ஆனாலும், "இவளுக்கு வேற வேலை இல்லை", "மானுக்கு வக்கீலாம்" போன்றவை எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும் அவை கருத்துத்தான். இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை நீங்கள் மானைப் பற்றி எழுதியதைக் காப்பாற்றுகிற மாதிரியே அந்தக் கிண்டலையும் காப்பாற்றுகிறது. அதே அரசியலமைப்பு 15ஆம் உறுப்புரையில், அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல் போன்ற காரணங்களுக்காகச் சட்டம் போட்டு அந்தச் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது. ஆகவே "கருத்துச் சுதந்திரம்" என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடாது.

நாற்பதில் மூன்று மட்டும் வேறு வகை. இரண்டு பாலியல் ரீதியானவை, தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு சொற்களால் செய்யும் பாலியல் தொந்தரவையும் குற்றமாக்குகிறது, ஐந்து வருடம் வரை சிறை. மூன்றாவது, உங்கள் நம்பரைப் போட்டது. துன்புறுத்தும் நோக்கத்தோடு ஒருவரின் தனிப்பட்ட தகவலை வெளியிடுவதை 2024இன் நிகழ்நிலைக் (ஒன்லைன்) காப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அந்தச் சட்டம் அளவுக்கு மீறி அகலமானது என்பது என் கருத்து, ஆனால் உங்களுக்கு நடந்தது அது உண்மையிலேயே தேவைப்படுகிற இடம். நம்பரை நீங்களே எங்காவது விளம்பரத்தில் போட்டிருந்தால் மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள், எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் தேடும்.

அவதூறு என்று பொலிஸில் எழுதிக் கொடுக்காதீர்கள். 2002இலேயே குற்றவியல் அவதூறு நீக்கப்பட்டுவிட்டது, பொலிஸ் திருப்பி அனுப்பும். அதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு, இரண்டு வருடத்துக்குள். மத நிந்தனை, இனக்குரோதம் என்றெல்லாம் சேர்த்து முறைப்பாட்டைப் பெரிதாக்கச் சொல்பவர்களையும் கேட்காதீர்கள். 2019இல் ஒரு சிறுகதைக்காகச் சக்திக சத்குமார என்ற எழுத்தாளரை இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் ஐசிசிபிஆர் சட்டத்தில் பிடித்து நான்கு மாதம் விளக்கமறியலில் வைத்தார்கள், அந்த ஆயுதத்தை நம் கையால் எடுக்க வேண்டாம்.

இனி, அந்த ஆட்களைப் பற்றி. 2014இல் கனடாவில் செய்த ஓர் ஆய்வு, இணையத்தில் சீண்டுவதை ரசித்துச் செய்பவர்களிடம் பிறர் வலியில் இன்பம் காணும் குணம் தூக்கலாக இருப்பதாகக் கண்டது. உங்கள் போலிக் கணக்கு அந்த வகையாக இருந்தால், உங்கள் ஒவ்வொரு பதிலும் அவனுக்குத் தீனி. ஆனால் 2017இல் ஸ்டான்போர்ட், கோர்னெல் ஆய்வாளர்கள், மனநிலை கெட்டிருக்கும்போது மற்றவர்களின் மோசமான கமெண்டுகளைப் பார்த்தால் சாதாரண ஆட்களும் அப்படியே எழுதத் தொடங்குகிறார்கள் என்று காட்டினார்கள். உங்கள் பதிவில் சேர்ந்துகொண்ட பலர் இந்த இரண்டாவது வகை என்றுதான் எனக்குப் படுகிறது, சொந்தப் பெயரிலேயே எழுதியிருக்கிறார்களே. அவர்களில் வரம்பு மீறியவர்களுக்கு சட்டத்தரணியாக என் கையெழுத்தில் ஒரு கடிதம் போனால் பெரும்பாலும் அழித்துவிடுவார்கள்.

சரி, செய்ய வேண்டியது. பதிவை அழிக்காதீர்கள், பதிலும் எழுதாதீர்கள். அந்த மூன்று கமெண்டையும் திகதி, நேரம், கணக்கின் பெயர் தெரிகிற மாதிரி வெட்டாமல் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், இணைப்பையும் தனியாகச் சேமியுங்கள், இரவு அழைப்புகளின் பட்டியலும் வேண்டும். அப்புறம் நம்பர் உள்ள கமெண்டை முகநூலில் ரிப்போர்ட் பண்ணுங்கள். பொலிஸ் நிலையத்தில் பெண்கள், சிறுவர் பிரிவில் முறைப்பாடு கொடுத்து இலக்கத்தை வாங்காமல் வராதீர்கள். கணக்குக்குப் பின்னால் இருப்பது யார் என்று தேடுவது அவர்கள் வேலை, அதற்கு நாளாகும். செலவு பயமாக இருந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

தம்பியை இன்றைக்கே உட்கார வைத்துப் பேசுங்கள். அவன் கை நீட்டினால் பொலிஸில் முதலில் பதிவாகும் முறைப்பாடு உங்களுடையதாக இருக்காது, அந்தப் பையனுடையதாக இருக்கும்.