எஸ்.ஏ.டி. வாசிப்புப் பகுதி: ஆங்கிலம் நன்றாக வரும் பிள்ளைக்கு மார்க் எங்கே போகிறது?

வணக்கம். கோவையிலிருந்து டல்லாஸ் பக்கம் வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, மகன் பத்தாம் வகுப்பு, ஊரில் ஆங்கிலத்தில் எப்போதும் 90க்கு மேல் வாங்கியவன், இங்கே கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. மாதிரித் தேர்வில் கணக்கில் 800க்கு 740 எடுத்துவிட்டு வாசிப்பில் 540இல் நிற்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். கோச்சிங்கில் சேர்ப்பதா, நாவல்களாக வாங்கிக் கொடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பிள்ளைகள் இருவரும் இந்தத் தேர்வை எழுதிக் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். இப்போதும் எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளோடு வார இறுதியில் இதற்காக உட்காருகிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: தம்பிக்கு இருக்கிற ஆங்கிலம் போதும். இந்தத் தேர்வு எதைக் கேட்கிறது என்பது இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

ஊரில் பாடத்தில் இருப்பதை நன்றாக எழுதினால் மார்க். தெரிந்ததைக் கொஞ்சம் கூடுதலாக எழுதினாலும் யாரும் குறைக்க மாட்டார்கள். இங்கே தெரிந்ததைக் கொண்டுவந்தால்தான் மார்க் போகிறது. பத்தியில் என்ன எழுதியிருக்கிறதோ அது மட்டும்தான் கணக்கு. சொந்த அறிவு, பொது அறிவு, போன வருடம் அறிவியல் பாடத்தில் படித்தது எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டு உட்கார வேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குத்தான் இது கடினம்.

முதலில் தேர்வின் அமைப்பு. அமெரிக்காவில் 2024 மார்ச் முதல் இது கணினியில்தான் நடக்கிறது. 'ரீடிங் அண்ட் ரைட்டிங்' பகுதியில் 54 கேள்விகள், 64 நிமிடம். 27 கேள்விகள் கொண்ட இரண்டு மாட்யூல்களாக, ஒவ்வொன்றுக்கும் 32 நிமிடம் என்று பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 25 முதல் 150 சொற்கள் கொண்ட தனிப் பத்தி, நான்கு ஆப்ஷன். முன்பு இருந்த ஒரு நீளமான கட்டுரைக்குக் கீழே பத்துக் கேள்வி என்ற முறை போய்விட்டது. அதனால் தெரிந்தவர்கள் வீட்டிலிருந்து பழைய தடித்த கைடுகள் வந்தால் அன்போடு வாங்கிக்கொண்டு ஓரமாக வைத்துவிடுங்கள்.

எங்கே சறுக்குகிறார்கள் என்பதற்கு நானே எழுதிய ஒரு சிறு பத்தியைத் தமிழிலேயே தருகிறேன். 'ஒரு நகரத்தின் சாலையோரப் பூங்காக்களில் உள்ள குருவிகள், ஊருக்கு வெளியே உள்ள அதே இனக் குருவிகளைவிட உயர்ந்த சுருதியில் பாடுவதை ஓர் ஆய்வாளர் கவனித்தார். நீண்ட விடுமுறையில் போக்குவரத்து குறைந்த நாட்களில் அந்தச் சாலையோரக் குருவிகளின் சுருதி தாழ்ந்தது.' இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்பது கேள்வி. ஆப்ஷன்கள் இவை:

அ) வாகன இரைச்சல் பறவைகளை நகரங்களிலிருந்து விரட்டுகிறது.
ஆ) குருவிகளின் சுருதியை வாகன இரைச்சல் மட்டுமே தீர்மானிக்கிறது.
இ) சாலையோரக் குருவிகள் சுற்றியுள்ள இரைச்சலுக்கு ஏற்பச் சுருதியை மாற்றிக்கொள்ளக்கூடும்.
ஈ) ஊருக்கு வெளியே உள்ள குருவிகள் விடுமுறை நாட்களில் இன்னும் தாழ்ந்த சுருதியில் பாடுகின்றன.

நம் பிள்ளைகள் பலர் 'அ'வைத் தொடுவார்கள். சுற்றுச்சூழல் பாடத்தில் படித்தது, நியாயமாகவும் தெரிகிறது. ஆனால் பறவைகள் ஊரை விட்டுப் போனதாகப் பத்தியில் எங்கே இருக்கிறது? 'ஆ' கிட்டத்தட்ட சரி, 'மட்டுமே' என்ற ஒரு சொல் அதைக் கெடுத்துவிடுகிறது. 'ஈ'யில் உள்ள சொற்கள் எல்லாம் பத்தியில் இருப்பவைதான். சாலையோரக் குருவிக்குச் சொன்னதை வேறு குருவி தலையில் கட்டியிருக்கிறார்கள். அவசரமாகப் படிக்கிற கண்ணுக்கு இதுதான் பெரிய ஆபத்து. விடை 'இ'. படிக்கச் சப்பென்றுதான் இருக்கும், 'கூடும்' என்று தயங்கித் தயங்கிப் பேசும். கடினமான கேள்விகளில் சரியான விடை பெரும்பாலும் இப்படி அடக்கமாகவே இருக்கும்.

அதனால் வீட்டில் பயிற்சி செய்யும்போது இப்படிச் செய்யச் சொல்லுங்கள். முதலில் கேள்வி என்ன கேட்கிறது என்று பார்த்துவிட்டுப் பத்தியைப் படிக்கட்டும். ஆப்ஷன்களைக் கையால் மறைத்துக்கொண்டு, விடை என்னவாக இருக்கும் என்று தன் சொற்களில் சொல்லட்டும். தமிழில் சொன்னாலும் சரி. அப்புறம் கையை எடுத்து, சரியானதைத் தேடாமல் தவறான மூன்றை அடிக்கட்டும். ஒவ்வொன்றையும் ஏன் அடித்தான் என்று சொல்ல வேண்டும்: இது பத்தியிலேயே இல்லை, இது மிகைப்படுத்துகிறது, இது ஆளை மாற்றுகிறது. 'சரியாகப் படவில்லை' என்பதைக் காரணமாக ஏற்காதீர்கள். உண்மையான தேர்வு நடக்கும் புளூபுக் செயலியிலும் ஆப்ஷனை அடித்துவிட வசதி உண்டு. அதே செயலியில் முழு நீள மாதிரித் தேர்வுகள் இலவசமாக இருக்கின்றன. கான் அகாடமி இணையதளத்தின் பயிற்சியும் இலவசம்தான்.

மாதிரித் தேர்வுகளை வாரத்துக்கு ஒன்றாக எழுதித் தீர்ப்பதால் மார்க் ஏறாது. ஒன்றை எழுதினால், தவறிய ஒவ்வொரு கேள்வியையும் மறுநாள் நிதானமாகத் திறந்து, ஒரு நோட்டில் இரண்டு வரி எழுத வேண்டும்: சரியான விடைக்கு ஆதாரமான வரி எது, தான் தொட்ட ஆப்ஷனில் எந்தச் சொல் தவறு. சரியாகப் போட்டும் மனதுக்குள் சந்தேகம் இருந்த கேள்விகளையும் இதில் சேர்க்க வேண்டும். சில பக்கங்கள் நிரம்பியதும் அவனவன் பழக்கம் அவனுக்கே தெரிந்துவிடும். ஒரு பிள்ளைக்கு எல்லாத் தவறும் மிகைப்படுத்திய ஆப்ஷனில் இருக்கும், இன்னொரு பிள்ளைக்கு அட்டவணையோ வரைபடமோ தந்து கேட்கும் கேள்விகளில் இருக்கும். இதை எந்த கோச்சிங்கும் பிள்ளைக்காகச் செய்து தர முடியாது.

வரைபடக் கேள்விகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கணக்கில் வலுவான பிள்ளைகள் இதில் அநியாயமாக மார்க்கை விடுகிறார்கள். நான்கு ஆப்ஷனில் இரண்டு மூன்று எண்கள் அட்டவணைப்படி சரியாகவே இருக்கும். கேள்வி எண் சரியா என்பதல்ல. பத்தியில் ஆய்வாளர் சொல்லும் கருத்தை எந்த எண் தாங்கிப் பிடிக்கிறது என்பது. முதலில் அந்தக் கருத்து என்ன என்று முடிவு செய்துவிட்டுத்தான் அட்டவணைப் பக்கம் போக வேண்டும்.

நாவல் பற்றிக் கேட்டீர்கள். பழைய இலக்கியப் பத்திகளும் கவிதைகளும் வரும், அவற்றில் நம் பிள்ளைகள் தடுமாறுவதும் உண்மை. ஆனால் தடித்த நாவலைக் கையில் கொடுத்தால் பாதியில் மூடிவிடுவான். 19ஆம் நூற்றாண்டுச் சிறுகதை ஒன்றை வாரம் ஒரு முறை சேர்ந்து படியுங்கள். யார் பேசுகிறார், யார் மேல் கோபம் என்று சும்மா பேசுங்கள், போதும்.

நேரத்தைப் பொறுத்தவரை ஒரு கேள்விக்குச் சராசரியாக 71 விநாடி. ஒவ்வொரு மாட்யூலிலும் வாசிப்புக் கேள்விகள் முன்பாதியிலும் இலக்கணக் கேள்விகள் அதற்குப் பிறகும் வரும். ஒவ்வொரு வகையும் எளிதில் தொடங்கிக் கடினத்துக்குப் போகும். அதனால் நடுவில் ஒரு கடினமான கேள்வியில் மூன்று நிமிடம் உட்கார்ந்தால், பின்னால் இருக்கும் எளிய இலக்கணக் கேள்விகள்தான் பலியாகும். குறித்துவைத்துவிட்டு நகர்ந்து, கடைசியில் திரும்பி வரலாம். முதல் மாட்யூலை எப்படிச் செய்கிறான் என்பதைப் பொறுத்துத்தான் இரண்டாவது கடினமாகவோ எளிதாகவோ வரும். எளிதானது வந்தால் எட்டக்கூடிய மார்க்குக்கு ஒரு வரம்பு விழுந்துவிடும். எனவே முதல் மாட்யூலில் அவசரம் கூடாது.

நீட், ஜே.இ.இ. பேச்சு கேட்டு வளர்ந்த பிள்ளைகள் தெரியாததை விட்டுவிடுவார்கள். இங்கே நெகட்டிவ் மார்க் கிடையாது. ஒரு கேள்வியைக்கூடக் காலியாக விடக் கூடாது.

கோச்சிங் தவறில்லை, ஆனால் இந்தத் தவறு நோட்டைச் சில வாரம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எந்தக் கல்லூரி என்பதையும் பாருங்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு எஸ்.ஏ.டி.யைப் பார்ப்பதே இல்லை. எம்.ஐ.டி. 2022இல் மீண்டும் கட்டாயமாக்கியது. உங்கள் ஊர்ப் பக்கம் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகமும் 2024இல் அப்படியே அறிவித்தது.

பதினொன்றாம் வகுப்பு அக்டோபரில் பள்ளியிலேயே எஸ்.ஏ.டி.க்கு முன்னோட்டமான பி.எஸ்.ஏ.டி. எழுதுவான். நேஷனல் மெரிட் உதவித்தொகைக்கு அந்த மார்க்கைத்தான் எடுப்பார்கள். தேர்வு அறைப் பழக்கமும் வரும். எஸ்.ஏ.டி.யை அடுத்த மார்ச்சில் ஒரு முறை, தேவைப்பட்டால் ஆகஸ்டில் இன்னொரு முறை என்று வைத்துக்கொள்ளலாம். பள்ளியே வேலை நாளில் இலவசமாக நடத்துகிறதா என்று கவுன்சிலரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.