பேசின வெலைய மாத்தலாமா?

கேள்வி: பாவூர்சத்திரம் மார்க்கெட்ல காய் எடுத்து, புளியரை செக்போஸ்ட் தாண்டி புனலூர்ல ஒரு சேட்டன் கடைக்கு போடுறேன் பாய். ஓணத்துக்கு முருங்கைக்கா இன்ன வெலைன்னு போன்ல வாக்கு குடுத்துட்டேன், இப்ப வெலை எகிறிடுச்சு. எழுத்தும் இல்ல, அவர் முஸ்லிமும் இல்ல. மாத்திக்கலாமா?
- வாசகர், செங்கோட்டை

பதில்: அவர் முஸ்லிம் இல்லங்கிறத எதுக்கு தம்பி இதுல இழுக்குறீங்க? கி.பி. 628ல மக்காவுக்குப் பக்கத்துல ஹுதைபிய்யாங்கிற எடத்துல நபி (ஸல்) உடன்படிக்கை போட்டதே எதிரியா நின்ன மக்கா குறைஷிகளோடதான். மக்காவுலேந்து ஓடி வர்றவங்கள திருப்பி அனுப்பணும்னு பேச்சு, அத எழுதி முடிக்கிறதுக்குள்ள முஸ்லிம் ஆனதுக்காக மக்காவுல அடைச்சு வச்சிருந்த அபூ ஜந்தல் விலங்கோட தப்பிச்சு வந்து நிக்கிறார், தோழர்களுக்கெல்லாம் நெஞ்சு கொதிக்குது, ஆனாலும் பேசினது பேசினதுதான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. உங்களுது வெறும் முருங்கைக்கா.

குர்ஆன் 17:34 வாக்கு பத்தி விசாரணை உண்டுன்னுதான் சொல்லுது, எழுதிக் குடுத்தா மட்டும்னு இல்ல. நஷ்டம் தாங்காதுன்னா சேட்டன்கிட்ட உள்ளத சொல்லுங்க, அவரா மனசு வச்சு ஏத்திக் குடுத்தா தாராளமா வாங்கிக்கலாம். முத்தல் காய அடியில வச்சு கட்டுறது, செக்போஸ்ட்ல லேட்டுன்னு கதை விடுறது (இதெல்லாம் நடக்குறதுதானே) வேண்டாம். அவரும் நெசமாவே கையில காசில்லாம பாக்கி வச்சா நெருக்காதீங்க, வசதி வர்ற வரைக்கும் டைம் குடுக்கச் சொல்லுது 2:280.