பச்சையில்லாத பச்சைப் பாசி – கடிதம்

அன்புள்ள ஐயா,

மொரிஷியஸின் கியூர்ப்பிப்பில் இருந்து எழுதுகிறேன். உயிரியல் மாணவன். பாலிடோமா என்ற ஒருசெல் நன்னீர் உயிருக்குப் பச்சையமே கிடையாது, ஒளிச்சேர்க்கையும் செய்வதில்லை. பிறகு ஏன் அதைப் பச்சைப் பாசிகளோடு சேர்க்கிறார்கள்? தேர்வில் என்ன எழுதுவது? கிரியோல் பேசிக்கொண்டு, தமிழ் தெரியாமல் காவடி எடுக்கும் நாமும் அதைப்போல ‘பெயரளவில் தமிழர்’தானே?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

தேர்வில் ‘கிளாமிடோமோனாஸ் என்ற ஒருசெல் பச்சைப் பாசியின் நெருங்கிய உறவு’ என்று எழுதுங்கள், மதிப்பெண் வரும். அந்தக் கவலையை விடுங்கள்.

கொஞ்ச நாளாக நானும் இந்த உயிரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெர்மன் அறிஞர் எரன்பெர்க் 1838இல் வெளியிட்ட பெருநூலில் இதை விலங்குகளோடு சேர்த்தார். இத்தகைய நுண்ணுயிர்களுக்குப் பல வயிறுகள் உண்டு என்றும் நம்பினார். நிறமில்லை, நீந்துகிறது, ஆகவே விலங்கு! வயிறு கிடக்கட்டும், பாலிடோமாவுக்கு வாயே இல்லை. அழுகும் நீரில் கரைந்திருக்கும் அசிடேட் என்ற கரிமப் பொருளை உடல் வழியாக உறிஞ்சி வாழ்கிறது.

நான் ஆசிரியராக இருந்தபோது, கரும்பு வெட்டு முடிந்து சோகை அழுகிக் கிடக்கும் வாய்க்காலில் இருந்து ஒரு குப்பி நீர் எடுத்து வருவேன். நுண்ணோக்கியில் அந்தச் செல்கள் தடதடவென்று ஓடும். ஓடவைக்கும் கசையிழைகள், அதாவது சாட்டை போன்ற நுண்ணிழைகள், கண்ணுக்குத் தெரியாது. மூடுகண்ணாடியின் ஓரத்தில் ஒரு துளி அயோடின் விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளை வைத்தால் பழுப்பு நிறம் மெல்ல உள்ளே நகரும். அது தொட்ட செல் அப்படியே நின்றுவிடும். முன்முனையில் இரண்டு இழைகள் அப்போதுதான் புலப்படும். பிறகு செல்லின் பின்பாதி கருநீலமாகும். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு குனிவார்கள்.

அந்தக் கருநீலம் ஸ்டார்ச். அது இருக்கும் இடம் நிறமற்ற கணிகம். பச்சைச் செல்களில் பச்சையத்தை வைத்திருக்கும் உறுப்புதான் கணிகம். ஸ்டார்ச்சைக் கணிகத்துக்குள் சேமிப்பது பச்சைப் பாசிகளுக்கும் தாவரங்களுக்கும் உரிய வழக்கம். பச்சையம் போய்விட்டது, கணிகம் போகவில்லை. சில வகைகளில் ஒளியை உணர உதவும் கண்புள்ளிகூட இருக்கிறது. அந்தக் கணிகத்தின் டிஎன்ஏவில் ஒளிச்சேர்க்கைக்கான மரபணுக்கள் இல்லை. ஆனால் நீளம்? டிஎன்ஏவின் நீளத்தைக் கார இணைகளில் எண்ணுவார்கள்; இதில் சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம். பச்சையாக இருக்கும் கிளாமிடோமோனாஸ் ரெய்ன்ஹார்ட்டியில் அது ஏறத்தாழ 2 லட்சம்தான். தொழிலை விட்டவனிடம் பட்டறை பெரிதாக இருக்கிறது! இதையா ‘பெயரளவில்’ என்கிறீர்கள்?

காவடிக்கு வருகிறேன். ஒரு செல்லைக் கொண்டுவந்து, வெயிலில் வெறுங்காலோடு நடக்கும் மனிதர்களை அளக்க உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது? உயிரியல் படிக்கிறவர் மேடைப் பேச்சாளர் வேலையைச் செய்யக் கூடாது. பாலிடோமா இழந்த மரபணுக்கள் அதற்குத் திரும்பி வரப்போவதில்லை. மொழி அப்படியா? நம் தீவின் அரசுப் பள்ளிகளில் இன்றும் தமிழ் வகுப்பு நடக்கிறது. ஐந்து வயதுக் குழந்தை உட்கார்ந்து அகரம் எழுதுகிறது. கிரியோல் பேசும் வீட்டுக் குழந்தைதான். அதன் பாட்டிக்கு எழுதத் தெரியாது, தேவாரம் தெரியும். இவர்களில் யார் பெயரளவில்? சொல்லுங்கள், கேட்கிறேன். நீங்களே இவ்வளவு நல்ல தமிழில் எழுதிவிட்டு இப்படிக் கேட்கிறீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

கேட்டிருக்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டீர்கள். பாலிடோமா என்ற பேரினமே ஒரே வம்சம் அல்ல. மரபணுக்களை ஒப்பிட்டபோது, அதிலுள்ள இனங்கள் பச்சைப் பாசிகளின் வெவ்வேறு கிளைகளில் இருந்து தனித்தனியாக நிறம் இழந்து வந்தவை என்று தெரிந்தது. பாலிடோமெல்லா என்று இன்னொன்று: நான்கு கசையிழைகள், செல்சுவர் இல்லை, கணிகம் உண்டு, கணிக டிஎன்ஏ மட்டும் அடியோடு இல்லை. அதை எங்கே வைப்பீர்கள்?

யோசித்து எழுதுங்கள் தம்பி. அதற்கு முன் மருந்துக்கடையில் ஒரு குப்பி அயோடின் வாங்கிவிடுங்கள்.