குப்பிக்குள் நீர் வேண்டாம்: வீட்டில் செய்யும் மாய்ஸ்சரைசர் குறித்த கேள்வி-பதில்

கேள்வி: சோற்றுக்கற்றாழையின் சோற்றை எடுத்து, தேங்காய் எண்ணெயுடன் மிக்சியில் அடித்து, வெண்ணிறமான கிரீம் செய்தேன். கெடாமல் இருக்கட்டும் என்று வைட்டமின் இ மாத்திரைகள் இரண்டை உடைத்து ஊற்றினேன். 10 நாட்களில் கரும்புள்ளிகள் தோன்றிவிட்டன. அந்தப் பகுதியை மட்டும் வழித்து எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாமா? – வாசகி, கோவை

பதில்: கூடாது, முழுவதையும் கொட்டிவிடுங்கள். நம் கண்ணுக்குத் தெரியும் கரும்புள்ளி பூஞ்சை நன்றாக வளர்ந்த பிறகு தோன்றுவது. அதற்குப் பல நாட்கள் முன்பே பூஞ்சையும் பாக்டீரியாவும் நிறத்தையோ மணத்தையோ மாற்றாமல் கிரீம் முழுவதும் பெருகியிருக்கும். வறண்டு, நுண்ணிய வெடிப்புகள் விட்ட தோலில் அதைப் பூசுவது தொற்றுக்கு வாசலைத் திறந்துவிடுவதாகும்.

நீங்கள் செய்ததில் கைத்திறன் குறைவு எதுவும் இல்லை. கற்றாழைச் சோற்றில் பெரும்பகுதி நீர்தான். நீர் மிகுந்து, தாவரச் சர்க்கரையும் சேர்ந்திருக்கும் பண்டம் பாதுகாப்புப் பொருள் இல்லாமல் அறை வெப்பத்தில் விரைவில் கெட்டுவிடும். வைட்டமின் இ எண்ணெய் காறிப்போவதைத் தாமதப்படுத்துமே தவிர, கிருமிகளைக் கொல்லாது. வேப்பிலை, மஞ்சள், கற்பூரம் ஆகியவற்றை நம்பியும் நீர் சேர்ந்த கிரீமை வாரக்கணக்கில் வைத்திருக்க இயலாது. கடைக் கிரீம்களில் பீனாக்ஸிஎத்தனால் போன்ற பாதுகாப்புப் பொருளை 1 சதவீதத்துக்கு மேற்படாமல் அளந்து சேர்க்கிறார்கள். அத்தகைய அளவைச் சமையலறைக் கரண்டியால் அளக்க முடியாது.

ஆகவே கற்றாழையை விரும்பினால் அன்றன்றைக்கு எடுத்துப் பூசுங்கள். மடலை வெட்டியதும் 15 நிமிடம் சாய்த்து வைத்து, வடியும் மஞ்சள் பாலை நீக்கிவிடுங்கள். அரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பால்தான். பிறகு சோற்றை நன்கு கழுவி, ஈரத் தோலில் தடவி, அதன்மேல் இரண்டு சொட்டு எண்ணெயைத் தேயுங்கள். நீங்கள் மிக்சியில் செய்ய முயன்ற கலவை தோலின்மேலேயே உருவாகிவிடும்.

கேள்வி: அப்படியானால் மாதக்கணக்கில் கெடாத எதையும் வீட்டில் செய்யவே முடியாதா? – வாசகர், திருச்சி

பதில்: முடியும், நீரே சேராத களிம்பாக இருந்தால். 80 கிராம் எண்ணெய்க்கு 20 கிராம் தேன்மெழுகு என்பது நம் வெயிலுக்கு ஏற்ற அளவு. ஊட்டி, கொடைக்கானல் வாசகர்கள் மெழுகை 15 கிராமாகக் குறைத்துக்கொள்ளலாம். மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 டிகிரியில் உருகுவதால் நேரடித் தீ தேவையில்லை. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் மற்றொரு கிண்ணத்தை வைத்து, மெழுகும் எண்ணெயும் ஒன்றாகக் கரையும் வரை கிளறி, வெயிலில் உலர்த்திய குப்பியில் ஊற்றி ஆறவிடுங்கள். கிண்ணத்துக்குள் ஒரு துளி நீர்கூடத் தெறிக்கக் கூடாது. எடுக்கும்போதும் ஈர விரலை விடாமல், உலர்ந்த சிறு கரண்டியால் எடுங்கள்.

எண்ணெயில் தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் சரிபாதியாக இருக்கலாம். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறைவதால் களிம்புக்குக் கட்டுத் தரும். நல்லெண்ணெய் தன்னிடமுள்ள இயற்கைப் பொருட்களால் எளிதில் காறுவதில்லை. காறல் வாடை வந்த களிம்பை மட்டும் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தக் களிம்பு தோலுக்கு ஈரத்தைக் கொடுப்பதில்லை. இருக்கும் ஈரம் ஆவியாகிப் போகாமல் தடுக்கிறது. உலர்ந்த தோலில் பூசினால் வறட்சியின்மேல் மூடி போட்டதுபோல்தான். குளித்து, துண்டால் ஒற்றியெடுத்த 3 நிமிடங்களுக்குள் பூச வேண்டும். எந்த எண்ணெய் சிறந்தது என்று கேட்டுவரும் கடிதங்களே மிகுதி. எப்போது பூசுவது என்று கேட்பவர் மிகச் சிலர், ஆனால் பலனைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்விதான்.

கேள்வி: நூறு முறை கழுவிய நெய்யை என் பாட்டி செய்வார். அதன் முறை என்ன? தீப்புண்ணுக்கும் பூசலாமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: ஆயுர்வேதத்தில் சததௌத கிருதம் என வழங்கும் இதைச் செய்யத் தேவைப்படுவது நெய்யும் நீரும் பொறுமையும்தான். செம்புத் தாம்பாளத்தில் 50 கிராம் பசுநெய்யை இட்டு, கொதிக்க வைத்து ஆறிய நீரை இரண்டு கரண்டி விட்டு, உள்ளங்கையாலோ சிறு செம்புக் கிண்ணத்தின் அடியாலோ வட்டமாகத் தேய்க்க வேண்டும். நெய் வெளுத்து நீர் பிரியும்போது அதை வடித்துவிட்டுப் புதுநீர் விட வேண்டும். ஒரு முறைக்கு 3 நிமிடம் என்றாலும் நூறு முறைக்கு 5 மணி நேரம் ஆகும் என்பதால், வீட்டில் இருவர் மாறி மாறித் தேய்ப்பது நல்லது. மணல் மணலாக இருந்த நெய் சிறிது சிறிதாக மென்மையடைந்து, வாடை குறைந்து, வெண்ணெய் போன்ற வெள்ளைக் கிரீமாக மாறும். நெய்க்குள் நுண்ணிய நீர்த்துளிகள் சிக்கிக்கொள்வதே இந்த மாற்றத்துக்குக் காரணம். எண்ணெயையும் நீரையும் இணைக்க இன்று தொழிற்சாலைகள் தனிப் பொருட்களைச் சேர்க்கின்றன. நம் முன்னோர் அதைத் தேய்ப்பாலேயே சாதித்தார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு உண்மையாகவே மனம் நெகிழ்கிறது.

ஆயினும் நீர் சிக்கியிருக்கிறது என்பதாலேயே இதற்கும் ஆயுள் குறைவு. செம்பு கொழுப்பு காறுவதைத் துரிதப்படுத்தும். எனவே தேய்த்து முடித்ததும் கண்ணாடிக் குப்பிக்கு மாற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் செய்யுங்கள். பால் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.

புதிய தீப்புண்ணில் இதைப் பூசவே கூடாது. நெய் சூட்டை உள்ளே அடக்கிவிடும், புண்ணின் ஆழத்தை மருத்துவர் பார்க்கவும் தடையாகும். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுவதே முதலுதவி. பாட்டியின் மருந்தைப் பனிக்கால வறட்சிக்கும் உதட்டு வெடிப்புக்கும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: கிளிசரின், பன்னீர், எலுமிச்சைச் சாறு கலந்து இரவில் பூசலாமா? – வாசகி, மதுரை

பதில்: எலுமிச்சையை விட்டுவிடுங்கள். எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும் pH அளவுகோலில், தோலின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டிய மெல்லிய அமிலத்தன்மை கொண்டது. எலுமிச்சைச் சாறோ 2-ஐ ஒட்டியது. சாறு ஒட்டிய தோலில் வெயில் பட்டால் கொப்புளமும், மாதக்கணக்கில் மறையாத கருமையும் வரக்கூடும். 1 பங்கு கிளிசரினுக்கு 4 அல்லது 5 பங்கு பன்னீர் போதும். 3, 4 நாட்களுக்கு மட்டும் கலந்து குளிர்ச்சியில் வையுங்கள். குளிரூட்டிய அறையில் உறங்குபவர்கள் அதன்மேல் சிறிது எண்ணெயும் தடவிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: 8 மாதக் குழந்தைக்குக் கரப்பான் (எக்ஸிமா). செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயும் பாலாடையும் தடவச் சொல்கிறார்கள். உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஆலிவ் எண்ணெயும் அனுப்பியுள்ளார். எதைத் தடவுவது? – இளம் தாய், சேலம்

பதில்: இந்த மூன்றும் வேண்டாம் என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். கரப்பான் உள்ள தோல் இடைவெளி விழுந்த சுவர் போன்றது. செக்கு எண்ணெயில் தங்கியிருக்கும் நிலக்கடலைப் புரதமும் பாலாடையின் பால் புரதமும் அந்த இடைவெளி வழியே புகுந்தால், உடல் அவற்றைப் பகையாகக் கற்றுக்கொள்ள வாய்ப்புண்டு. பிரிட்டனில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வு, குழந்தைகளின் நிலக்கடலை ஒவ்வாமைக்கும் அவர்கள் தோலில் பூசப்பட்ட கடலை எண்ணெய்க் களிம்புகளுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. ஆலிவ் எண்ணெயில் மிகுந்துள்ள ஒலியிக் அமிலம் தோலின் அரணைத் தளர்த்துகிறது. 2013-இல் வெளியான ஆய்வொன்றில் ஆலிவ் எண்ணெய் பூசியவர்களின் தோல் அரண் பலவீனமடைந்தது, சூரியகாந்தி எண்ணெய் அவ்வாறு செய்யவில்லை.

தேங்காய் எண்ணெய்க்குச் சாதகமான சான்று உண்டு. பிலிப்பைன்ஸில் மிதமான கரப்பான் உள்ள 117 குழந்தைகளிடம் 8 வாரம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், தூய தேங்காய் எண்ணெய், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெயைவிட நல்ல பலன் தந்தது. முதலில் முழங்கை மடிப்பில் சிறு இடத்தில் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். நீர் கசிந்தாலோ, மஞ்சள் பொருக்குத் தட்டினாலோ, குழந்தை அரிப்பால் உறங்காமல் தவித்தாலோ எண்ணெயை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: தேங்காய் எண்ணெய் பூசிய பின் நெற்றியில் அரிப்புடன் ஒரே அளவான சிறு பருக்கள் வருகின்றன. – கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: நம் எல்லோர் தோலிலும் வாழும் மலசீசியா என்னும் ஈஸ்ட் கொழுப்பு அமிலங்களை உண்டு பெருகுவது, அரிப்பும் ஒரே அளவும் அதைத்தான் சந்தேகிக்கச் செய்கின்றன. எல்லா எண்ணெயையும் முகத்தில் நிறுத்துங்கள், தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றிக்கு வழியாமல் பாருங்கள். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நீரிழிவு உள்ள என் தந்தைக்குப் பித்தவெடிப்பு. மெழுகுக் களிம்பு போதுமா? – வாசகர், வேலூர்

பதில்: வெடிப்பில் இரத்தமோ சீழோ இல்லையென்றால் இரவில் சாதாரண நீரில் பாதங்களைக் கழுவி, ஒற்றியெடுத்துப் பூசலாம். வெந்நீர் வேண்டாம், உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடு தெரியாது. வீட்டுக் களிம்பைவிடப் பெட்ரோலியம் ஜெல்லியோ 10 சதவீத யூரியா கிரீமோ அவருக்கு நன்றாக உதவும். இயற்கையானது அல்ல என்பதற்காக அவற்றை ஒதுக்காதீர்கள். விரல் இடுக்குகளில் மட்டும் எதையும் பூச வேண்டாம், அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். பூசியதும் பருத்திக் காலுறை அணிவித்து, வழுக்கி விழாமல் இருக்கக் கட்டிலருகே ஒரு சிறு விளக்கை எரியவிடுங்கள்.