ஹிமாலயனுக்கு பட்டன் டயரா, ரோடு டயரா?

கேள்வி: என்னிடம் இருப்பது 2021 மாடல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக். 15,000 கி.மீ. ஓடியதில் பின் டயர் நடுவில் தட்டையாகிவிட்டது. ஊர் கோவை. மாதம் இரண்டு முறை வால்பாறை, இல்லையென்றால் கோத்தகிரி வழியாக ஊட்டி. பெரும்பாலும் மனைவியும் வருவார், இரண்டு பக்கமும் பெட்டி இருக்கும். மண் சாலை என்றால் எப்போதாவது எஸ்டேட் வழியில் இரண்டு கிலோமீட்டர்தான். அடுத்த ஜூனில் லடாக் போக ஆசை. பெரிய பட்டன் டயர் (தனித்தனி ரப்பர் கட்டிகள் துருத்தி நிற்கும் டயர்) போடுங்கள் என்கிறார் கடைக்காரர். பின்னால் 130 சைஸில் ரோடு டயர் போடு என்கிறான் நண்பன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: நண்பர் சொல்வது பாதி சரி. உங்களுக்குத் தேவை ரோடு டயர்தான், ஆனால் வண்டியோடு வந்த அதே சைஸில்: முன்னால் 90/90-21, பின்னால் 120/90-17. முதல் எண் மி.மீ.யில் டயரின் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்க உயரம் என்பது, கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம்.

பட்டன் பெரிதாக இருந்தால் மழையில் பிடிப்பு அதிகம் என்று பலர் நம்புகிறார்கள். சேற்றில் அது உண்மை, பட்டன் மண்ணுக்குள் இறங்கிக் கவ்வும். தாரில் இறங்க இடமில்லை. அங்கே பிடிப்பைத் தருவது ரோட்டைத் தொடும் ரப்பரின் பரப்பும், அந்த ரப்பரின் தன்மையும். பட்டன்களுக்கு நடுவே அகலமான பள்ளம் விட்டால் தொடும் பரப்பு குறைகிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாயும்போது, ஓரத்து பட்டன்கள் தனித்தனியாக வளைந்து நெளியும். சக்கரம் லேசாக மிதப்பது போன்ற அந்த உணர்வு இதனால்தான். ஈரத்தில் அதே இடத்தில் பிரேக் பிடித்தால் நெளிவு வழுக்கலாகிவிடும். நல்ல ரோடு டயரின் கலவையில் சிலிக்கா சேர்க்கிறார்கள். குளிரிலும் ஈரத்திலும் ரப்பர் விறைக்காமல் இருக்க அது உதவும். நீலகிரியின் மூடுபனிக் காலையில் நீங்கள் நம்பியிருப்பது அதைத்தான்.

சமவெளியில் வேறு சிக்கல். மே மாத வெயிலில், இருவரும் பெட்டிகளுமாகத் தேசிய நெடுஞ்சாலையில் மணிக்கு 90-ல் போகும்போது, நெளியும் பட்டன் ஒவ்வொரு சுற்றிலும் சூடாகும். சூடான ரப்பர் சீக்கிரம் தேயும். தேய்வதும் சீராக இருக்காது: பட்டனின் ஒரு விளிம்பு உயர்ந்தும் மறு விளிம்பு தாழ்ந்தும் ரம்பப் பல் போல ஆகிவிடும். முன் டயரில் இது வந்தால் ‘உம்ம்’ என்று ஒரு சத்தம் கேட்கும், ஹேண்டில் மெல்ல நடுங்கும். காற்று குறைவாக வைத்து ஓட்டினாலும், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் தளர்ந்திருந்தாலும் ரோடு டயரிலும் இது வரும். பட்டன் டயரில் வெகு சீக்கிரம் வரும்.

விளம்பரங்களில் வரும் 90/10, 70/30, 50/50 என்பவை ரோடுக்கும் மண்ணுக்குமான பங்கு. இதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தானே போட்டுக்கொள்ளும் மார்க். அதனால் டயரை நேரில் பாருங்கள். நடுவில் ரப்பர் கிட்டத்தட்ட தொடர்ச்சியாக இருந்து, பள்ளங்கள் ஓரத்தை நோக்கிச் சாய்வாக ஓடினால் அது ரோடு டயர். மெட்ஸலர் டூரன்ஸ் இந்த வகை. பிரெல்லி எம்டி 60 இதற்கும் பட்டன் டயருக்கும் நடுவில். கான்டினென்டல் டிகேசி 80 முழுக்க பட்டன். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்ட பிறகு வெளிநாட்டு டயர்கள் எல்லாச் சமயத்திலும் கிடைப்பதில்லை. கிடைக்காத பெயருக்காகக் காத்திருக்க வேண்டாம். இதே அமைப்பில், இதே சைஸில் உள்ள இந்திய டயர் உங்கள் ஓட்டத்துக்குப் போதும்.

இனி நண்பர் சொன்ன 130. 130/80-17 போட்டால் டயரின் முழு உயரம் சுமார் 648 மி.மீ.யிலிருந்து 640 ஆகக் குறையும். அது பெரிய விஷயமில்லை. சிக்கல் ரிம்மில். 120-க்கான ரிம்மில் 130-ஐத் திணித்தால் ரிம் அதன் இரு பக்கத்தையும் உள்ளே இழுக்கும், டயரின் முகடு கூர்மையாகும். நடுப்பகுதி மட்டும் ரோட்டைத் தொட்டு வேகமாகத் தேயும். அகலத்துக்காகக் கொடுத்த காசு ஓரத்தில் சும்மா இருக்கும்! பார்வைக்கு வண்டி கம்பீரமாகத் தெரியும் என்பதை மறுக்கவில்லை.

சைஸுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் பாருங்கள். 64எஸ் என்றால் டயர் தாங்கும் எடை 280 கிலோ, வேகம் மணிக்கு 180 கி.மீ. வரை. வண்டி ஏறக்குறைய 199 கிலோ. நீங்கள் 75, மனைவி 60, சாமான் 30 என்று வைத்தால் மொத்தம் 364. அதில் 60 சதவீதம் பின்னால் விழுந்தால் சுமார் 218 கிலோ. எண் 57 என்றால் தாங்குவது 230 கிலோதான். ஒரு பள்ளத்தில் இறங்கினாலே அந்த மிச்சம் போதாது. பழைய டயரில் உள்ள எண்ணுக்குக் குறைந்ததை வாங்கவே கூடாது. டயருக்குள் இருக்கும் நூல் அடுக்கின் அமைப்பில் இரண்டு வகை உண்டு: சைஸில் ‘ஆர்’ இருந்தால் ரேடியல், வெறும் கோடு இருந்தால் பயஸ். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக, டயர் கம்பெனி ஒப்புக்கொள்ளாமல், கலக்காதீர்கள்.

தயாரித்த தேதி டயரின் பக்கவாட்டில் உள்ள டி.ஓ.டி. எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கமாக இருக்கும். 1425 என்றால் 2025-ன் 14-வது வாரம். ஒரு வருடத்துக்கு மேல் கடையில் தூங்கிய டயரைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் யோசியுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்.

முன் டயரில் இன்னும் பட்டன் தேயாமல் இருக்கிறதே, பின்னால் மட்டும் மாற்றலாமா? அதே வகை டயரையே திரும்ப வாங்குவதாக இருந்தால், முன்னதில் 3 மி.மீ. ஆழமும் சீரான தேய்மானமும் இருந்தால், மாற்றலாம். வகை மாறும்போது இரண்டும் மாற வேண்டும். இல்லையென்றால் சாயும்போது முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் விழும். இப்போதே உங்கள் பின் டயரில் இதன் சாயல் தெரிந்திருக்கும்: தட்டையான நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும்போது, படி இறங்குவது போல் வண்டி சட்டென்று சாயும்.

மாட்டும்போது கடையில் பக்கத்தில் நில்லுங்கள். உங்களுடையது டியூப் ரிம். டியூப்லெஸ் என்று எழுதிய டயரையும் டியூபோடு போடலாம். ஆனால் ஸ்போக் ஓட்டைகளை டேப் ஒட்டி அடைத்து டியூப்லெஸ் ஆக்கித் தருகிறோம் என்றால் வேண்டாம். டயரின் ஓரத்தைப் பிடித்து நிறுத்தும் மேடு டியூப் ரிம்மில் பொதுவாக இருக்காது, காற்று இறங்கினால் டயர் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் விழுந்துவிடும். பழைய டியூபையே திரும்பப் போட விடாதீர்கள், அது விரிந்து மெலிந்திருக்கும், புது டயருக்குள் மடிந்து, மடிப்பிலேயே கிழியும். ரிம்மைச் சுற்றிய ரப்பர் பட்டை நகராமல் இருக்கிறதா, ஸ்போக் முனை எதுவும் துருத்துகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சோப்புத் தண்ணீர் தடவலாம், கிரீஸ் கூடாது. ஒருமுறை காற்றடித்து, முழுக்க இறக்கி, மறுபடி அடித்தால் டியூபின் மடிப்பு நேராகும். டயரோரத்தில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றி வரும். அது எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் தெரிந்தால்தான் டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறது. அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையில் இருக்கட்டும்.

வால்வின் நட்டை ரிம்மோடு இறுக்கவே வேண்டாம், மூடியை ஒட்டி மேலே விட்டுவிடுங்கள். டயர் ரிம்மில் நகர்ந்தால் வால்வு சாயும், கண்ணுக்குத் தெரியும். நட்டை இறுக்கியிருந்தால் தெரியாது, வால்வின் அடி அறுந்து காற்று ஒரே நொடியில் போகும்.

முதல் 150 கி.மீ. திடீர் பிரேக்கும் அதிகச் சாய்வும் வேண்டாம், புது ரப்பரின் மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும். காற்றழுத்தம் வண்டிக் கையேட்டில் ஆள் எண்ணிக்கைப்படி இருக்கிறது. காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு 3 அல்லது 4 பி.எஸ்.ஐ. ஏறியிருந்தால் சரி. அதற்கு மேல் ஏறினால் தொடங்கும்போதே காற்று குறைவு என்று அர்த்தம்.

லடாக்குக்காகத் தனி டயர் தேவையில்லை. மணாலி வழியிலும் ஸ்ரீநகர் வழியிலும் பெரும்பகுதி தார்தான். இடையில் வரும் ஜல்லிக்கும் நீரோடைக்கும் வேகத்தைக் குறைத்தால் ரோடு டயர் போதும். ஆனால் முன், பின் இரண்டுக்கும் தனித்தனி டியூப், இரண்டு டயர் லீவர், பம்பு, அழுத்தமானி கையில் இருக்கட்டும். மேலே காற்றழுத்தம் குறைவதால் மானி அதிகமாகக் காட்டும். 5,300 மீட்டர் உயரக் கணவாயில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 7 பி.எஸ்.ஐ. குறைவு. குளிர் அதில் பாதிக்கு மேல் ஈடுகட்டிவிடும். சமவெளியில் 30 டிகிரியில் 32 வைத்தது, அங்கே 5 டிகிரியில் ஏறக்குறைய 35 என்று காட்டும். அதைப் பார்த்துக் கணவாயிலேயே காற்றை இறக்கிவிட்டால், சமவெளிக்குத் திரும்பும்போது டயர் தளர்ந்திருக்கும். லடாக்கின் லே நகரில் தங்கும் நாளின் காலையில், ஓட்டுவதற்கு முன் ஒருமுறை சரிசெய்யுங்கள், மணாலிக்கு இறங்கியதும் இன்னொரு முறை.