கேள்வி பதில்: ஸ்டோர் ரூமில் ஒரு பிபிசி மைக்ரோ

கே: எங்கள் பள்ளி ஸ்டோர் ரூமில் 'பிபிசி மைக்ரோ' என்று பெயர் போட்ட கம்ப்யூட்டர் ஒன்று கிடக்கிறது. பிளக்கில் செருகிப் பார்க்கலாமா? இது இந்தியப் பள்ளிகளுக்கு எப்படி வந்தது? (இயற்பியல் ஆசிரியை, தஞ்சாவூர்)

ப: உடனே செருகாதீர்கள்! முதலில் பவர் சப்ளையைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

வந்த கதை சுருக்கமாக: பிரிட்டனில் பிபிசி நடத்திய கணினிக் கல்வித் திட்டத்துக்காக ஏக்கார்ன் நிறுவனம் 1981 இறுதியில் வெளியிட்ட இயந்திரம் இது. 1984-ல் நம் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது இதையே தேர்ந்தெடுத்தது. முதல் கட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்குப் போயிற்று.

இப்போது பவர் சப்ளை. அதற்குள் கரண்ட் நுழையும் இடத்தில், கண்ணாடி போன்ற மஞ்சள் உறையுடன் இரண்டு கண்டென்சர்கள் இருக்கும். நாற்பது ஆண்டில் உறை மயிரிழையாக வெடித்திருக்கும். அதன் வழியே ஈரம் இறங்கி உள்ளேயிருக்கும் காகிதம் ஊறிவிடும். 230 வோல்ட் பாய்ந்ததும் சில நிமிடங்களில் புகை, குமட்டும் நாற்றம். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

மேல் மூடியைப் பிடித்திருக்கும், 'ஃபிக்ஸ்' என்று குறித்த நான்கு திருகுகளைக் (பின்பக்கம் இரண்டு, அடியில் இரண்டு) கழற்றுங்கள். பவர் சப்ளை அடியிலிருந்து மூன்று திருகுகளில் நிற்கிறது. போர்டுக்குப் போகும் ஏழு ஒயர்களைப் பிடுங்குமுன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: சிவப்பு மூன்றும் +5 வோல்ட், கறுப்பு மூன்றும் பூஜ்யம், ஊதா ஒன்று -5. சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால் சிப்புகள் போய்விடும்.

வாங்க வேண்டியவை 100 நானோஃபாரட் ஒன்று, 10 நானோஃபாரட் ஒன்று. இரண்டும் 'எக்ஸ்2' வகை (வீட்டு மின்சாரம் நேராகப் பாயும் இடத்துக்கென்றே செய்த பாதுகாப்பு வகை), 275 வோல்ட் ஏசி என்று அச்சிட்டிருக்க வேண்டும்; சாதாரண கண்டென்சர் கூடவே கூடாது. கால்களின் இடைவெளியை அளந்து வாங்குங்கள். ஒரு எச்சரிக்கை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளேயிருக்கும் பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் தொடாதீர்கள். பழக்கம் இல்லையென்றால் டிவி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

எல்லாம் சரியாக இருந்தால், போட்டவுடன் ஒரு தடித்த ஒலியும் தொடர்ந்து ஒரு மெல்லிய 'பீப்'பும் வரும். தடித்த ஒலி மட்டும் நிற்காமல் ஒலித்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் சாக்கெட்டில் ரோம் சிப்பு தளர்ந்திருக்கும். நிறுத்திவிட்டு ஒவ்வொன்றையும் விரலால் நேராக அழுத்துங்கள்.

கே: பழைய கேசட்டிலிருந்து புரோகிராம் ஏற்றும்போது நடுவில் 'டேட்டா?' என்று வந்து நின்றுவிடுகிறது. கேசட் கெட்டுப்போய்விட்டதா? (வாசகர், திருச்சி)

ப: பெரும்பாலும் கேசட்டில் கோளாறு இருக்காது, டேப் ரெக்கார்டரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில்தான் இருக்கும்.

இந்த இயந்திரம் 0 என்பதை 1200 ஹெர்ட்ஸில் ஒரு அலையாகவும், 1 என்பதை 2400 ஹெர்ட்ஸில் இரண்டு அலைகளாகவும் நாடாவில் எழுதுகிறது. ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் உயர்ந்த ஒலி மங்கி, 1 எது 0 எது என்று புரியாமல் போகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடையுங்கள். பிறகு கேசட்டை ஓடவிட்டு, ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் உள்ள சின்னத் திருகை எட்டில் ஒரு சுற்று அளவுக்கு மட்டும் இப்படியும் அப்படியும் திருப்புங்கள். கீச்சொலி காதுக்கு மிகக் கூர்மையாகக் கேட்கும் இடமே சரியான இடம். டோன் குமிழ் ட்ரெபிள் பக்கம் முழுக்க இருக்கட்டும். வால்யூம் முக்கால் அளவில் தொடங்கலாம்.

பிழை வந்தால் முதலிலிருந்து ஏற்ற வேண்டியதில்லை. புரோகிராம் 256 பைட் துண்டுகளாகப் பதிவாகியிருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் ஓடும் எண் அந்தத் துண்டின் எண். (09-க்குப் பின் 10 வராமல் 0ஏ வருகிறதே என்று மாணவர்கள் கேட்பார்கள். பதினாறடிமான எண்முறையைச் சொல்லித்தர இதைவிட நல்ல தருணம் வாய்க்காது.) நாடாவைக் கொஞ்சம் பின்னால் சுற்றி மறுபடி ஓட்டினால், விட்ட துண்டு வரும்வரை காத்திருந்து அங்கிருந்து தொடரும்.

கே: கேசட்டில் நன்றாக ஓடிய வரைபட புரோகிராம், பிளாப்பி டிரைவ் மாட்டியதும் 'பேட் மோட்' என்கிறது. மெமரி குறைந்துவிட்டதா? (கல்லூரி மாணவர், கோவை)

ப: ஆம், 2816 பைட் குறைந்திருக்கிறது. கேசட் மட்டும் இருந்தால் புரோகிராம் 3584-வது பைட்டில் தொடங்கும். டிஸ்க் அமைப்பு தனக்கென இடம் பிடிப்பதால் 6400-க்குத் தள்ளப்படுகிறது. மோட் என்பது திரைக் காட்சி முறை. மோட் 1-ல் திரைக்கே 20 கே (ஒரு கே என்பது 1024 பைட்) போய்விடும். 12288-லிருந்து மேலே எல்லாம் அதற்குத்தான். ஆக முன்பு 8704 பைட் கிடைத்தது, இப்போது 5888. உங்கள் புரோகிராம் இரண்டுக்கும் இடைப்பட்ட அளவாக இருக்கும்.

எளிய வழி மோட் 5. அதே நான்கு நிறம், திரைக்கு 10 கே மட்டுமே; 16128 பைட் மிஞ்சும். ஆனால் கிடைமட்டப் புள்ளிகள் 320-லிருந்து 160 ஆகும், கோடுகள் சற்றுத் தடிக்கும். வட்டத்துக்கும் பட்டை வரைபடத்துக்கும் அது போதும்.

கே: மோட் 7-ல் எழுத்தின் நிறத்தை மாற்றினால் முன்னால் ஓர் இடம் காலியாக நிற்கிறதே? (அதே மாணவர்)

ப: அது பிழையன்று. மோட் 7-ல் 40 எழுத்து, 25 வரி. திரை முழுவதற்கும் 1 கே மட்டுமே செலவு. நிறத்துக்கெனத் தனி மெமரி கிடையாது. சிவப்புக்கு 129, பச்சைக்கு 130 என்ற குறி எண்ணே ஓர் எழுத்தின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. வரி முடிந்ததும் நிறம் வெள்ளைக்குத் திரும்பிவிடும். அடுத்த வரியிலும் அந்த நிறம் வேண்டுமானால் குறியை மறுபடி போட வேண்டும்.