4,60,000 கிலோமீற்றர் ஓடிய கேம்பர் வான்: வைத்திருப்பதா, கைமாற்றுவதா?

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களிடம் 1996 டொல்பின் வான் ஒன்று இருக்கிறது. டொயோட்டா ஹையேஸின் எல்எச் 113 வகை, 3எல் என்ற டீசல் இஞ்சின். பின் சீற்றுகளைக் கழற்றிவிட்டு கட்டில், காஸ் அடுப்பு, 12 வோல்ற் பிரிட்ஜ், 100 லீற்றர் தண்ணீர்த் தாங்கி, கூரையில் சோலர் என்று கேம்பர் வானாக்கி வைத்திருக்கிறோம். மீற்றர் 4,60,000 காட்டுகிறது. 1,500 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் ஒயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. காலையில் ஸ்ரார்ட் பண்ணும்போது கொஞ்சம் நீலப் புகை, பிறகு இல்லை. ஸ்லைடிங் கதவுக்குக் கீழே துரு. பின்பக்கத் தரையில் எப்போதும் ஒரு ஈரம். விற்றுவிட்டு லீசிங்கில் கேடிஎச் (பிந்திய ஹையேஸ் வான்) எடுக்கச் சொல்கிறார் மச்சான். இஞ்சினை மாற்றினால் இன்னும் பத்து வருடம் ஓடும் என்கிறார் கராஜ் பாஸ். எதைக் கேட்பது?
– வாசகர், உப்புவெளி

பதில்: மச்சான் மீற்றரைப் பார்க்கிறார், பாஸ் இஞ்சினைப் பார்க்கிறார். நீங்கள் வானுக்கு அடியில் படுத்துப் பாருங்கள். கடலோரத்தில் நிற்கும் வானை முடிப்பது துருதான். இஞ்சின் அதற்குப் பிறகுதான் வரும். ரீகண்டிஷன் இஞ்சின் கொழும்பிலிருந்து வந்து இறங்கும். துருப்பிடித்த அடிச்சட்டத்துக்கு மாற்று வராது.

இருந்தாலும் இஞ்சினை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அதற்கு அரை நாள் போதும். நீங்கள் சொல்லும் அடையாளம், காலையில் ஒரு மூச்சு நீலப் புகை விட்டுப் பிறகு தெளிவது, பெரும்பாலும் வால்வு சீல் காய்ந்ததால் வருவது. இரவில் ஒயில் வால்வுத் தண்டு வழியே சொட்டி நிற்கிறது, காலையில் எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஏற்றத்தில் கால் அமர்த்தும்போது நீலப் புகை தொடர்ந்து வரும். இந்த வயது 3எல் இஞ்சினுக்கு 1,500க்கு ஒரு லீற்றர் பெரிய நோயில்லை. 1,000க்கு ஒரு லீற்றரைத் தாண்டினால் யோசிக்கலாம்.

ஊகத்தில் விடாமல் கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம், பாருங்கள். இஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, நாலு குளோ பிளக்கையும் கழற்றி, டீசல் பம்பில் டீசலை நிறுத்தும் கட்-ஓஃப் சொலினொயிட்டின் வயரைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டராக கேஜை மாட்டி ஸ்ரார்ட்டரைச் சுற்ற வேண்டும். பற்றரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும். சுழற்சி குறைந்தால் நல்ல இஞ்சினும் கெட்டதாகத் தெரியும். 3எல் இஞ்சினுக்கு நல்ல அளவு சதுர சென்ரிமீற்றருக்கு 32 கிலோ. 20க்குக் கீழே போனால் அந்தச் சிலிண்டர் முடிந்தது. சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 5க்கு மேல் போகக் கூடாது. நாலும் 26, 27 என்று சமமாக நின்றால் இஞ்சினைத் தொட வேண்டாம். மூன்று 28, ஒன்று 19 என்றால் அது வேறு கதை.

கேஜ் இல்லாத கராஜில் ஒரு குறுக்கு வழி: இஞ்சின் ஐட்லில் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, தலைகீழாக அதே ஓட்டையின் மேல் வையுங்கள். லேசாக ஆடினால் சரி. துள்ளி விழுந்தால் ரிங் வழியே காற்று கீழே தள்ளுகிறது.

இஞ்சினை மாற்றும் முன் ரைமிங் பெல்ற்றை எப்போது மாற்றினீர்கள் என்று பாருங்கள். இதற்கு 1,00,000 கிலோமீற்றர்தான் தவணை. அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும்; அப்போது பாஸ் கேட்ட இஞ்சின் மாற்றம் தானாக வந்துவிடும். கணக்குத் தெரியாவிட்டால் இப்போதே மாற்றுங்கள். பெல்ற்றோடு ரென்ஷனர் பெயாரிங், காம் சீல், கிராங்க் சீல் எல்லாம் சேர்த்து. பழைய சீலில் கசியும் ஒயில் புதுப் பெல்ற்றையும் தின்னும்.

இனி அடிப்பக்கம். வானை றாம்பில் ஏற்றி, தடித்த ஸ்க்ரூட்ரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். அழுகியது மொத்தென்று கேட்கும். மொத்தென்று கேட்ட இடத்தில் முனையால் குத்துங்கள். பார்க்க வேண்டிய இடங்களில் மூன்று தலைவிதியைத் தீர்மானிப்பவை: பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் தொங்கி, அதைப் பிடித்திருக்கும் நீளச் சட்டம், முன்பக்க ரோர்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) முடிகிற குறுக்குச் சட்டம். இவற்றில் ஸ்க்ரூட்ரைவர் உள்ளே போனால் விற்றுவிடுங்கள், அதுவும் உண்மையைச் சொல்லி உதிரிப்பாக விலைக்கு. அங்கே வெல்டிங் வைத்துக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஹபரணைக் காட்டு வழியில் போவது சரியில்லை.

ஸ்லைடிங் கதவின் கீழ்ப்பட்டி, சில்லு வளைவு, கண்ணாடிக்குக் கீழ் ஓரம், சாரதி கால் வைத்து ஏறும் படி ஆகியவை துருப்பிடிப்பது வழமை, திருத்தவும் முடியும். ஆனால் திருத்துவது என்றால் வெட்டி எடுப்பது. வெள்ளைத் தகடு தெரியும் வரை வெட்டி, 1.2 மில்லிமீற்றர் தகடு வைத்து முழு வெல்டிங் செய்து, உள்பக்கக் குழிக்குள் மெழுகு வகைத் துருத்தடுப்பு அடிக்க வேண்டும். துருவின் மேலேயே தகட்டை ஒட்டி ஃபில்லர் பூசிப் பெயின்ற் அடித்தால் அடுத்த வாடைக்காற்று மழைக்குள் கொப்பளித்துவிடும். ஏற்கெனவே யாரும் அப்படிச் செய்திருக்கிறார்களா என்று அறிய, மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் போதும். ஒட்டாத இடமெல்லாம் ஃபில்லர்.

பிறேக் குழாயையும் அப்போதே பாருங்கள். டீசல் தாங்கிக்கு மேலால் பின்னுக்குப் போகும் இரும்புக் குழாயை யாரும் பார்ப்பதில்லை, வெடிப்பது அங்கேதான். மாற்றுவதென்றால் செப்பு-நிக்கல் குழாயாக மாற்றுங்கள், உப்புக்குத் தாங்கும். பின் அக்சிலுக்கு மேலிருக்கும், பாரத்துக்கேற்பப் பிறேக் அழுத்தத்தை மாற்றும் வால்வின் கம்பி இறுகிப் போயிருந்தால் அதுவும் வேலைதான். கட்டிலும் தண்ணீர்த் தாங்கியும் ஏற்றிய வானில் அது முக்கியம்.

பின்பக்க ஈரம்தான் எங்களுக்குப் பிடிக்காத செய்தி. தரைவிரிப்பைத் தூக்குங்கள். பிளைவுட் கறுத்து, நகத்தால் உரிக்க வருகிறதென்றால் அதற்குக் கீழுள்ள தகடு மேலிருந்து துருப்பிடிக்கிறது. அடியில் படுத்துப் பார்த்தால் இது தெரியாது. முதலில் தண்ணீர்த் தாங்கியின் பொருத்துகளையும் பிரிட்ஜிலிருந்து வரும் தண்ணீரையும் பார்த்து விலக்குங்கள். பிறகு ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாக நனையுங்கள்: பின்கதவு ரப்பர் பத்து நிமிடம், பக்கக் கண்ணாடி பத்து நிமிடம், கடைசியில் கூரை. எந்தக் கட்டத்தில் உள்ளே சொட்டுகிறதோ அதுதான் வாசல். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒழுகுவது போலத் தெரியும். சோலர் தகட்டுக்குத் துளைத்த திருகாணிகள்தான் பெரும்பாலும் குற்றவாளி. அங்கே வீட்டு சிலிக்கன் பூசாதீர்கள். அதன் மேல் பிறகு எதுவும் ஒட்டாது. பியூட்டில் ரேப் (ஒட்டும் ரப்பர் நாடா) வைத்து, மேலே பொலியூரித்தேன் சீலன்ற் போடுங்கள்.

காசுக் கணக்கு. கேடிஎச் எடுக்க, டொல்பினை விற்ற காசு போக 50 இலட்சம் கடன் என்று வையுங்கள். வருடத்துக்கு 14 வீதம், ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 1,16,000 ரூபாய். முதல் வருடத்தில் வட்டி மட்டும் ஆறரை இலட்சம். புதுசு டீசல் மிச்சம் பிடிக்கும் என்பார்கள். வருடம் 8,000 கிலோமீற்றர் ஓடினால், லீற்றருக்கு 10 கிலோமீற்றர் என்பது 12 ஆனால்கூட மிச்சம் 133 லீற்றர்தான். லீற்றர் 300 ரூபாய் என்றால் 40,000 ரூபாய். வட்டிக்கு முன்னால் அது எந்த மூலைக்கு? 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியாருக்கும் திறந்துவிட்டது. ஆகவே 'இப்போது விட்டால் கிடைக்காது' என்று அவசரப்படவும் தேவையில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். அடுத்த இரண்டு வருடத்தில் வரக்கூடிய எல்லா வேலையையும் ஒரு தாளில் எழுதி விலை கேளுங்கள்: தகடு வேலை, தரை, பெல்ற், வால்வு சீல், பிறேக் குழாய், ரயர். மொத்தம் ஒரு வருடத் தவணையை, அதாவது 14 இலட்சத்தை, எட்டாவிட்டால் வைத்திருங்கள். அடிச்சட்டம் அழுகியிருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. எங்கள் ஊகம், உங்கள் வான் வைத்திருக்க வேண்டியது. ஆனால் பிளைவுட்டைத் தூக்கும் வரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

என்றாவது இஞ்சினை மாற்றினால் புது இஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய மறக்க வேண்டாம். சீற்றுகளைக் கழற்றிய மாற்றமும் பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். விற்கும் நேரத்தில் இந்த இரண்டும்தான் விலையை உடைக்கும்.

கேள்வி: 2,80,000 ஓடிய கேடிஎச் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 3000 சீசி, 1கேடி இஞ்சின். கேம்பர் வானாக்கலாம் என்று ஆசை. எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகி, கிண்ணியா

பதில்: டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரை. இது கொமன் ரெயில் இஞ்சின், ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் வகை. பழைய டொல்பின் போலக் கண்ட டீசலும் குடிக்காது. முதல் நாள் இரவே சாவியை வாங்கி வைத்துவிட்டு, காலையில் குளிர்ந்த இஞ்சினை நீங்களே ஸ்ரார்ட் பண்ணுங்கள். டக் டக் என்ற சத்தமும் வெள்ளைப் புகையும் வந்து, சூடானதும் அடங்கினால் இன்ஜெக்டர் வேலை இருக்கிறது. நாலு இன்ஜெக்டரின் விலையை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

இதைவிட ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாது. இந்த இஞ்சினில் இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள செப்பு வொஷர் கசிந்தால், எரிந்த காற்று வால்வு மூடிக்குள் வந்து ஒயிலைக் கரியாக்கும். கரி இறங்கி, சம்புக்குள், அதாவது இஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டிக்குள், இருக்கும் ஒயில் வடிகட்டி வலையை அடைக்கும். ஒயில் அளவு சரியாகவே காட்டும், ஆனால் மேலே ஏறாது. முதலில் ரேர்போ போகும், பிறகு பெயாரிங். வாங்குமுன் சம்பைக் கழற்றி அந்த வலையைப் பார்க்கச் சம்மதிப்பாரா என்று விற்பவரிடம் கேளுங்கள். மறுத்தால் குறைந்தது ஒயில் மூடியைத் திறந்து உள்ளே விரல் விடுங்கள். தார் மாதிரிக் கட்டியாக ஒட்டினால் வந்த வழியே போகலாம்.

ரைமிங் பெல்ற் இதற்கு 1,50,000. 2,80,000இல் நிற்கும் வானுக்கு இரண்டாவது மாற்றம் பக்கத்தில் வந்துவிட்டது.

கேள்வி: டொல்பின் கேம்பரில் மாத்தளை தாண்டிக் கண்டிப் பக்கம் ஏறும்போது வெப்ப முள் சிவப்பை நெருங்குகிறது. சம தரையில் பிரச்சினை இல்லை. இஞ்சின் போய்விட்டதா?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: அநேகமாக இல்லை. முதலில் ரேடியேற்றர். வெறும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓடியிருந்தால் உள்ளே சுண்ணாம்பும் துருவும் குழாய்களை அடைத்திருக்கும். இஞ்சின் சூடாக ஓடி நிறுத்தியதும் ரேடியேற்றரின் முன்முகத்தில் கையைக் கிட்டக் கொண்டுபோய் வரிசையாகப் பாருங்கள். இடையில் குளிர்ந்த பட்டை தெரிந்தால் அங்கே ஓட்டமில்லை. அடுத்தது விசிறியின் பிசுக்குக் கிளச். நன்கு சூடான இஞ்சினை நிறுத்திவிட்டு விசிறியைக் கையால் சுற்றினால் இறுக்கம் தெரிய வேண்டும். தாராளமாகச் சுற்றினால் அது செத்துவிட்டது. தேர்மோஸ்டாற்றைக் கழற்றி எறிந்தால் சரி என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள்.

இவை சரியாக இருந்தும் சூடேறினால், குளிர்ந்த இஞ்சினில் ரேடியேற்றர் மூடியைக் கழற்றி ஸ்ரார்ட் பண்ணி, யாரையாவது வேகம் கூட்டச் சொல்லுங்கள். குமிழி இடைவிடாமல் வந்தால் ஹெட் கெஸ்கெட் அல்லது ஹெட்டில் வெடிப்பு. அப்போதும் ஹெட் வேலைதான், வானை விற்கும் அளவுக்கு ஒன்றுமில்லை. இன்னொன்று: மலைக்குப் போகும்போது தண்ணீர்த் தாங்கியை நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். 100 லீற்றர் என்பது 100 கிலோ. தண்ணீர் கண்டியிலும் கிடைக்கும்.

கேள்வி: ரயரில் பூ நல்லாக இருக்கிறது. ஆனால் ஒன்பது வருடம். ஓடலாமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: மாற்றுங்கள். அதிகம் ஓடாமல் வெயிலில் நிற்கும் கேம்பர் வானின் ரயர் பூவால் முடிவதில்லை, பக்கச் சுவர் வெடித்து முடிகிறது. வாங்கும்போது பக்கச் சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. கார் ரயர் போடக் கூடாது. பாரம் தாங்கும் 8 பிளை வகை கேளுங்கள்.

கேள்வி: கடற்கரையில் நிறுத்தி விடிய எழும்பினால் 100 ஆம்பியர்-அவர் பற்றரி படுத்துவிடுகிறது. பிரிட்ஜ் ஒன்றுதான் ஓடுகிறது. பற்றரி பழுதா?
– வாசகர், உப்புவெளி

பதில்: கணக்குப் பாருங்கள். 12 வோல்ற்றில் 100 ஆம்பியர்-அவர் என்பது 1,200 வொற்-அவர். ஈய-அமிலப் பற்றரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். ஆக உங்களிடம் இருப்பது 600. சிறிய கம்பிரசர் பிரிட்ஜ் ஓடும்போது 45 வொற், நம்மூர் வெக்கையில் பாதி நேரத்துக்கு மேல் ஓடும். ஒரு நாளுக்கு 600ஐத் தொட்டுவிடும், ஓர் இரவுக்கு 300 அளவில்தான். அதற்கே படுக்கிறதென்றால் ஒன்றில் பற்றரி கிழடு, அல்லது மாலையில் அது நிறைந்திருக்கவேயில்லை. பொழுது சாயும்போது பிரிட்ஜை நிறுத்தி, ஒரு மணித்தியாலம் விட்டு வோல்ற் அளவிடுங்கள். 12.6 இருந்தால் நிறைந்தது, 12.2 என்றால் பாதிதான். மாலையில் 12.6 காட்டியும் விடியமுன் படுத்தால் பற்றரியை மாற்றுங்கள். 12.2 காட்டினால் சோலர் தகட்டைத் துடைத்து, கொன்ரோலரின் வயர் முனைகளில் பச்சைப் பூப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக எல்லோருக்கும் ஒன்று: வானைக் கழுவும் தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பாருங்கள். கடலோரக் கிணறுகள் பல உவர். அதால் அடிப்பக்கம் கழுவினால் உப்பைத் திரும்பப் பூசுகிறீர்கள். குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள்.